அடைக் கோழியை விற்காதீர்கள்!

நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த நாட்டுக்கோழி ஒரு நாள் கூட்டைவிட்டு எழ மறுக்கும். கையைக் கொண்டுபோனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். முட்டையை எடுத்துவிட்டாலும் வெறுங்கூட்டிலேயே படுத்துக் கிடக்கும். பல வீடுகளில் இதை ஒரு தொல்லையாகத்தான் பார்க்கிறார்கள். கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பது, மூக்கில் இறகைச் செருகுவது, கயிற்றால் கட்டிப்போடுவது என்று அதை 'வழிக்குக் கொண்டுவர' முயல்கிறார்கள். அதற்கும் மசியாவிட்டால், வாசலுக்கு வரும் வியாபாரியிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

அடுத்த மாதம் அதே வீட்டார் சந்தைக்குப் போய்க் காசு கொடுத்துக் குஞ்சு வாங்குகிறார்கள். அது என்ன இனம், தடுப்பூசி போட்டதா, சேவலா பெட்டையா என்று எதுவும் தெரியாது. அவற்றில் எத்தனை பிழைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. கையில் இருந்த குஞ்சுப் பொரிப்பகத்தை விற்றுவிட்டு, குஞ்சை விலைக்கு வாங்குவதைப் போன்றது இது.

உழவியல் படித்தவர் கோழியைப் பற்றி ஏன் எழுதுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். ஒருங்கிணைந்த பண்ணையத்தில் பயிர், மாடு, கோழி எல்லாம் ஒரே கணக்கில் வருபவை. மழை பொய்த்த ஆண்டில் ஓர் ஏக்கர் மானாவாரி நிலம் கைவிட்டாலும், கொல்லையில் மேயும் 5 கோழிகள் அந்த வீட்டுப் பெண்ணின் கையில் கொஞ்சம் பணம் புழங்க வழிசெய்யும். அந்தப் பணம் தொடர்ந்து வர வேண்டுமானால் குஞ்சு வீட்டிலேயே பிறக்க வேண்டும். அதற்கு அடைக் கோழி வேண்டும்.

அடை என்பது நோயல்ல

ஊருக்கு ஊர் அடை என்றும் அவயம் என்றும் சொல்லப்படும் இந்த நிலைக்குக் காரணம் புரோலாக்டின் என்ற இயக்குநீர். பாலூட்டிகளில் பால் சுரக்கத் தூண்டுவதும் இதே இயக்குநீர்தான். பகல் நீண்டு, வெயில் ஏறி, கூட்டில் முட்டைகள் சேரச் சேர, கோழியின் உடலில் இதன் அளவு கூடுகிறது. முட்டைகள் வயிற்றுத் தோலில் படும் உணர்வே இதற்குப் பெரிய தூண்டுகோல். புரோலாக்டின் கூடியதும் சினைப்பை சுருங்கி, முட்டையிடுவது நின்றுவிடும். நெஞ்சிலும் வயிற்றிலும் இறகு உதிர்ந்து வெறுந்தோல் தெரியும். உடல் சூடு முட்டைக்கு நேராகப் போய்ச் சேர இயற்கை செய்துள்ள ஏற்பாடு இது.

அடைக்கு வந்த கோழியை எளிதாக அடையாளம் காணலாம். பகலிலும் இரவிலும் கூட்டிலேயே இருக்கும். நாளுக்கு ஒருமுறைதான் வெளியே வரும். வரும்போது இறகை விரித்துக்கொண்டு 'கொக்... கொக்...' என்று தாழ்ந்த குரலில் தொடர்ந்து சத்தமிடும். எச்சம் வழக்கத்தைவிடப் பெரிதாகவும் நாற்றத்தோடும் இருக்கும். இதைப் பார்த்து வயிற்றுப்போக்கு என்று பயப்பட வேண்டாம். நாள் முழுவதும் அடக்கி வைத்திருந்ததை ஒரே தடவையில் வெளியேற்றுகிறது, அவ்வளவுதான்.

எந்தக் கோழி உட்காரும்?

அடைகாக்கும் குணம் பரம்பரையாக வருவது. முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்யப்பட்ட ஒயிட் லெகார்ன் போன்ற இனங்களில் இந்தக் குணம் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. புறக்கடை வளர்ப்புக்கென்று உருவாக்கப்பட்ட வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்தப்பட்ட கோழிகளும் அடைக்கு உட்காரும் என்று நம்பியிருக்க முடியாது. கருங்கோழி எனப்படும் கடக்நாத் பெட்டைகளும் பொதுவாக நல்ல அடைக் கோழிகள் அல்ல.

நம் ஊர்ச் சிறுவிடைக் கோழி இதற்குப் பேர்போனது. உடல் சிறிதாக இருப்பதால் முட்டையை மிதித்து உடைப்பது குறைவு. குஞ்சைக் காப்பதிலும் கெட்டி. பெருவிடைக் கோழிகளும் அடைகாக்கும். ஆனால் உடல் கனமாக இருப்பதால் சில கோழிகள் முட்டையை உடைத்துவிடும். கழுத்துப் பகுதியில் இறகில்லாத நாட்டுக்கோழிகளிலும் நல்ல தாய்க்கோழிகள் உண்டு.

மேம்படுத்தப்பட்ட இனங்களை வளர்ப்பவர்கள் கூடவே இரண்டு மூன்று சிறுவிடைப் பெட்டைகளையும் வைத்துக்கொள்வது நல்லது. எந்த இனத்து முட்டையாக இருந்தாலும் சிறுவிடை அதைத் தன் முட்டைபோலவே காக்கும். வாத்து முட்டை, கினிக்கோழி முட்டைகூட வைக்கலாம். கோழி முட்டை பொரிய 21 நாள். நாட்டு வாத்து முட்டைக்கு 28 நாளும் கினிக்கோழி முட்டைக்கு 26 முதல் 28 நாளும் ஆகும். எனவே இவற்றைக் கோழி முட்டையோடு ஒரே கூட்டில் கலந்து வைக்கக் கூடாது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அடைக்கு உட்காரும் கோழியையே விற்றுக்கொண்டு, உட்காராத கோழியை மட்டும் விட்டுவைத்தால், சில தலைமுறைகளில் உங்கள் கொல்லையில் அடைகாக்கும் குணமே அருகிவிடும். நல்ல கதிரையெல்லாம் விற்றுவிட்டுச் சாவியை விதைக்கு வைப்பதற்கு இது சமம்.

அடைக்கு வரவைப்பது எப்படி?

கோழியைக் கட்டாயப்படுத்தி அடையில் உட்காரவைக்க முடியாது. ஆனால் அது தானாக உட்காருவதற்கான சூழலை நாம் உருவாக்கலாம்.

முதலாவது, கூட்டில் முட்டை இருக்க வேண்டும். தினமும் எல்லா முட்டையையும் எடுத்துக்கொண்டே இருந்தால் கோழி தொடர்ந்து இட்டுக்கொண்டிருக்குமே தவிர, உட்காராது. அதற்காக நல்ல முட்டையைக் கூட்டிலேயே விட்டுவைத்தால் அது சூடேறிக் கெட்டுப்போகும். எனவே அன்றன்றைய முட்டையை எடுத்துவிட்டு, பதிலுக்குப் போலி முட்டை வைக்க வேண்டும். மரத்தில் கடைந்த முட்டை, முட்டை வடிவ வெள்ளைக் கூழாங்கல் எதுவானாலும் போதும். ஒன்றில் தொடங்கி, நாளுக்கு ஒன்றாகக் கூட்டி, 6 முதல் 8 வரை சேர்க்கலாம்.

இரண்டாவது, இடம். வெளிச்சம் குறைவாக, ஆள் நடமாட்டமும் நாய் தொல்லையும் இல்லாத மூலையில் கூடு இருக்க வேண்டும். முட்டையிடும் கூட்டை அடிக்கடி இடம் மாற்றக் கூடாது. மற்றக் கோழிகள் அதே கூட்டில் ஏறி முட்டையிட்டுத் தொந்தரவு செய்தால் அடைக்கு வரும் கோழி கலைந்துவிடும்.

மூன்றாவது, வயதும் பருவமும். முதல் ஈட்டில் எல்லாக் கோழியும் சரியாக உட்காருவதில்லை. இரண்டாம், மூன்றாம் ஈட்டிலிருந்து நம்பலாம். நாட்டுக்கோழி பொதுவாக ஓர் ஈட்டுக்கு 10 முதல் 15 முட்டை இட்டு, பிறகு அடைக்கு வரும். தை முதல் பங்குனி வரை அடை வைக்க ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பொரிக்கும் குஞ்சுகள் ஈரத்தாலும் குளிராலும் அதிகம் சாகும். கத்திரி வெயிலில் முட்டைகள் அடை வைக்கும் முன்பே கெடும்.

நான்காவது, கோழியின் உடல்நிலை. மெலிந்த கோழியாலும் உடல் முழுக்கப் பேன் பிடித்த கோழியாலும் 21 நாள் உட்கார்ந்திருக்க முடியாது. அடைக்கு முந்தைய மாதத்தில் தானியத்தோடு முருங்கைக் கீரை, அகத்திக் கீரை, அசோலா போன்ற பசுந்தீவனமும் நொறுக்கிய கிளிஞ்சலும் கொடுங்கள். இது முட்டையோட்டின் உறுதிக்கும் உள்ளே வளரும் கருவுக்கும் சேர்த்துப் போடும் உரம்.

கோழி கூட்டில் படுத்ததுமே நல்ல முட்டைகளை வைத்துவிடாதீர்கள். போலி முட்டைகளின் மேல் இரண்டு நாள், இரவும் பகலும் விடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உறுதியான அடை. மூன்றாம் நாள் இரவில், இருட்டியபின், போலி முட்டைகளை எடுத்துவிட்டு நல்ல முட்டைகளை வையுங்கள். கோழியை வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தாலும் இரவில்தான் மாற்ற வேண்டும்.

முட்டையும் ஒரு விதைதான்

விதை நெல்லைத் தெரிவு செய்யும் அதே கவனம் அடை முட்டைக்கும் வேண்டும். சேவலோடு சேராத கோழியும் முட்டையிடும். ஆனால் அதில் கரு இருக்காது. 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் என்ற அளவில் இருக்க வேண்டும். புதிதாகச் சேவலை விட்டால், குறைந்தது ஒரு வாரம் கழித்துக் கிடைக்கும் முட்டைகளையே அடைக்குச் சேருங்கள். ஒரே சேவலின் வழிவந்த பெட்டைகளோடு அதே சேவல் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் பொரிப்பும் குஞ்சின் வீரியமும் குறையும். ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து ஊர் உறவினர் வீட்டுச் சேவலோடு மாற்றிக்கொள்ளுங்கள்.

மிகப் பெரியது, மிகச் சிறியது, கோணலானது, ஓடு மெலிந்தது, கீறல் விட்டது எதையும் அடைக்கு வைக்கக் கூடாது. எச்சம் ஒட்டிய முட்டையைக் கழுவாதீர்கள். கழுவினால் ஓட்டின் மேலுள்ள பாதுகாப்புப் படலம் போய், நுண்துளைகள் வழியாகக் கிருமி உள்ளே போகும். லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடைக்கலாம். அதிக அழுக்கானதைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அடை முட்டை 7 நாளுக்குள் கோழியின் கீழே போய்விட வேண்டும். கோடையில் 4 நாளுக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது. வெயில் காலத்தில் சாதாரண அறைச் சூட்டிலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பிறகு செத்துப்போகும். வீட்டுக் குளிர்பெட்டியிலும் வைக்க வேண்டாம். அந்தக் குளிர் கருவுக்கு ஆகாது. ஒரு மண்பானையில் பாதிக்கு ஈர மணலை நிரப்பி, அதன் மேல் சிறிய மண்சட்டியை வைத்து, அதில் முட்டையின் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்குங்கள். மெல்லிய துணியால் மூடி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். மணல் காயாமல் அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள். ஒவ்வொரு முட்டையின் மேலும் இட்ட தேதியைப் பென்சிலால் எழுதிவிட்டால் குழப்பம் வராது.

ஒரு கோழிக்கு எத்தனை முட்டை? சிறுவிடைக்கு 9 முதல் 11, பெரிய கோழிக்கு 12 முதல் 15. ஒரு முட்டையும் இறகுக்கு வெளியே தெரியக் கூடாது. ஆசைப்பட்டு 18, 20 என்று வைத்தால், கோழி முட்டைகளை உருட்டி மாற்றும்போது ஒவ்வொன்றாக ஓரத்துக்கு வந்து குளிரும். கடைசியில் எல்லாமே பாழாகும். எல்லா முட்டையையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். நாளுக்கு இரண்டாகச் சேர்த்தால் முதலில் பொரித்த குஞ்சுகளோடு தாய் எழுந்து போய்விடும். மீதி முட்டைகள் வீண்.

கூடு எப்படி இருக்க வேண்டும்?

ஒன்றரைச் சாண் அகலமுள்ள பழைய மூங்கில் கூடை அல்லது வாயகன்ற மண்சட்டி போதும். அடியில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து பரப்பி, மேலே நன்கு காய்ந்த வைக்கோலை வைத்து, நடுவில் லேசாகக் குழி செய்யுங்கள். குழி ஆழமாக இருந்தால் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உடையும். தட்டையாக இருந்தால் உருண்டு ஓடும். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் கூடவே கூடாது. அது கோழிக்கும் குஞ்சுக்கும் மூச்சுக்குழல் நோயைத் தரும். பழைய துணி வைத்தால் குஞ்சின் கால் சிக்கிக்கொள்ளும்.

பேனும் செள்ளும் அடைக் கோழியின் முதல் எதிரிகள். இரவெல்லாம் கடி தாங்காமல், பாதி அடையில் கோழி எழுந்து போய்விடும். அடை வைக்கும் முன்பே இறக்கைக்கு அடியிலும் ஆசனவாய் ஓரத்திலும் இறகை விலக்கிப் பாருங்கள். பேன் இருந்தால் முதலில் அதற்கு மருந்து. கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தைச் சொல்லும் அளவில் மட்டும் பயன்படுத்துங்கள். பயிருக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லியைக் கோழி மேல் பூசுவது ஆபத்து. கூட்டுக்குப் பக்கத்தில் சாம்பலும் மணலும் கலந்த குழி ஒன்று இருந்தால், கோழி இறங்கும் நேரத்தில் அதில் புரண்டு தானே பேனைக் கட்டுப்படுத்திக்கொள்ளும்.

கூட்டில் இரும்புத் துண்டு, கரித்துண்டு, காய்ந்த மிளகாய் போடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இடி இடித்தால் முட்டை கெடும் என்பதற்காக இரும்பு போடுவதாகச் சொல்வார்கள். போட்டால் நட்டமில்லை. ஆனால் இடியும் மழையுமான நாட்களில் முட்டை கெடுவதற்குப் பார்க்க வேண்டிய காரணங்கள் வேறு: ஒழுகும் கூரை, நனைந்த வைக்கோல், பயந்து எழுந்துபோன கோழி. இரும்பை வைப்பவர்கள் கூரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

21 நாள் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை இரவு அடை வைத்தால் மூன்றாவது ஞாயிறு குஞ்சு பொரிக்கும். கணக்கு வைக்க இது எளிது.

முதல் 7 நாள்: கோழியைத் தொந்தரவு செய்ய வேண்டாம். கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம் போன்ற தானியமும் சுத்தமான தண்ணீரும் கூட்டிலிருந்து நாலைந்து அடி தூரத்தில் எப்போதும் இருக்கட்டும். கோழி நாளுக்கு ஒருமுறை 15 முதல் 20 நிமிடம் இறங்கி, தின்று, குடித்து, எச்சமிட்டுத் திரும்பும். அந்த நேரத்தில் முட்டை கெட்டுவிடும் என்று பதற வேண்டாம். இரண்டு நாளாக இறங்காத கோழியை மட்டும் மெதுவாகத் தூக்கிக் கீழே விடுங்கள். தூக்கும் முன் இறக்கைக்குள் முட்டை சிக்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

7-ஆம் நாள் இரவு: முட்டைகளை வெளிச்சத்தில் பாருங்கள். அட்டையில் முட்டையைவிடச் சிறிய துளை போட்டு, கைப்பேசியின் டார்ச் மேல் வைத்து, இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையைத் துளையில் பொருத்துங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால்கள்போலச் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு உயிரோடு இருக்கிறது. விளக்குபோல ஒரே மஞ்சளாகத் தெரிந்தால் அதில் கரு கூடவில்லை. உள்ளே சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. பின்னிரண்டையும் எடுத்துப் புதைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அழுகி வெடித்து நல்ல முட்டைகளையும் கெடுக்கும்.

14-ஆம் நாள் இரவு: இன்னொரு முறை பாருங்கள். நல்ல முட்டையில் காற்றறை தவிர மற்ற இடமெல்லாம் இருண்டு தெரியும்.

18-ஆம் நாளிலிருந்து: முட்டையைத் தொடவே கூடாது. குஞ்சு தலையைத் திருப்பிக்கொண்டு வெளியே வரத் தயாராகும் நேரம் இது. குஞ்சு அசைகிறதா என்று முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் வழக்கத்தையும் தவிர்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் தண்ணீர் உள்ளே போகும். வறண்ட கோடையாக இருந்தால் கூட்டைச் சுற்றியுள்ள மணலில் தண்ணீர் தெளியுங்கள். ஈரப்பதம் இருந்தால்தான் முட்டையின் உட்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டாமல் இருக்கும்.

கூமுட்டை சொல்லும் சேதி

பொரிக்காத முட்டையைத் தூக்கி எறிவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். வயலில் முளைக்காத விதையைத் தோண்டிப் பார்ப்பதுபோலத்தான். ஒன்றிரண்டு கெடுவது இயல்பு. 10 முட்டைக்கு 8 குஞ்சு வந்தால் நல்ல பொரிப்பு.

7-ஆம் நாளில் கரு கூடாத முட்டை அதிகமாக இருந்தால் குறை சேவலில் இருக்கிறது. சேவலுக்கு வயதாகியிருக்கலாம், நோயுற்றிருக்கலாம், அல்லது பெட்டைகளின் எண்ணிக்கை கூடியிருக்கலாம். சிவப்பு வளையம் அதிகமாக இருந்தால் பெரும்பாலும் சேமிப்பில் குறை. முட்டை பழையது, அல்லது வெயிலில் சூடேறியது. முழுக் குஞ்சாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தால், கடைசி வாரத்தில் கோழி கலைந்ததா, ஈரப்பதம் குறைந்ததா, தாய்க்கோழிக்குப் பசுந்தீவனம் இல்லாமல் வெறும் அரிசியும் தவிடும் போட்டு வளர்த்தோமா என்று யோசியுங்கள். 'இந்தக் கோழி ராசியில்லை' என்று விற்றுவிட்டால், அடுத்த கோழிக்கும் இதுவே நடக்கும்.

பொரிக்கும் நாள்

20-ஆம் நாள் முட்டைக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் கேட்கும். தாய் பதில் குரல் கொடுக்கும். குஞ்சு ஓட்டில் முதல் ஓட்டை போட்ட பிறகு முழுவதும் வெளியே வர 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். பொறுமையிழந்து ஓட்டைப் பிய்க்காதீர்கள். உட்சவ்விலுள்ள இரத்த நாளங்கள் வற்றுவதற்கு முன் பிய்த்தால் இரத்தம் கசிந்து குஞ்சு சாகும்.

பொரித்த குஞ்சுக்கு உடனே தீவனம் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். மஞ்சள் கருவின் மீதியை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் குஞ்சு வெளியே வருகிறது. இரண்டு நாள்வரை அது தாங்கும். முன்னும் பின்னுமாகப் பொரிக்கும் குஞ்சுகளுக்காகத் தாய் காத்திருக்க முடிவது இதனால்தான். வெற்று ஓடுகளை மட்டும் மெல்ல எடுத்துவிடுங்கள். எறும்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொரிக்கும் நேரத்தில் எறும்பு ஏறினால் குஞ்சு பிழைக்காது.

முதல் 8 வாரம்தான் சோதனை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களிடம் 5 பெட்டைகள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 3 முறை, முறைக்கு 12 முட்டை அடைகாத்தால் மொத்தம் 180 முட்டை. 80 விழுக்காடு பொரித்தால் 144 குஞ்சு. இதில் பாதி செத்தால் கையில் நிற்பது 72. பத்துக்கு எட்டைக் காப்பாற்றினால் 115. அந்த 43 கோழிகளுக்காக நீங்கள் கூடுதலாகச் செய்ய வேண்டியவை மூன்றே: காவல், தீவனம், தடுப்பூசி.

காவல்: காகம், பருந்து, பூனை, கீரி இவற்றுக்கு முதல் மாதக் குஞ்சு எளிய இரை. முதல் இரண்டு வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து, காலையும் மாலையும் மட்டும் கண் பார்வையில் மேயவிடுங்கள். அதன் பிறகும் இரவில் காற்றோட்டமுள்ள, பாம்பும் எலியும் நுழையாத கூண்டு வேண்டும்.

தீவனம்: முதல் வாரம் கம்புக் குருணை, அரிசிக் குருணையோடு குஞ்சுத் தீவனமும் கலந்து கொடுங்கள். குஞ்சு வளரப் புரதம் வேண்டும். செலவில்லாத புரதம் கரையான். பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டுகளைத் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் திறந்தால் கரையான் அப்பியிருக்கும். அதிகாலையிலேயே கொடுத்துவிடுங்கள். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல் இருக்கட்டும். நாலு கூழாங்கல்லைப் போட்டுவைத்தால் குஞ்சு மூழ்காது.

தடுப்பூசி: நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்பது தவறான நம்பிக்கை. வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் வந்தால் ஒரே வாரத்தில் கொல்லை காலியாகும். வந்தபின் குணப்படுத்த மருந்து இல்லை. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காம் வாரத்தையொட்டி மறுபடியும் சொட்டு மருந்து, 8-ஆம் வாரத்தில் இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசி என்பது பொதுவான அட்டவணை. உங்கள் பகுதிக்கு ஏற்ற நாட்களையும் அம்மைத் தடுப்பூசி பற்றியும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களைத் தவறவிடாதீர்கள்.

தெருவோடு சேர்ந்து அடை வையுங்கள்

சொட்டு மருந்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு குப்பி பெரும்பாலும் 100, 200 குஞ்சுகளுக்கு என்ற அளவில் வருகிறது. கரைத்தபின் பனிக்கட்டியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் போட்டுமுடிக்க வேண்டும். மீதியை நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது. உங்களிடம் இருப்பதோ 10 குஞ்சு. 'பத்துக் குஞ்சுக்கு ஒரு குப்பியா' என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பத்தும் கழிச்சலில் போகிறது.

இதற்குத் தீர்வு அடை வைக்கும் நாளிலேயே இருக்கிறது. ஒரு தெருவில் 10 வீட்டுக்காரர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் அடை வைத்தால், மூன்று வாரம் கழித்து 80, 100 குஞ்சுகள் ஒரே வாரத்தில் பொரிக்கும். ஒரு குப்பி எல்லா வீட்டுக்கும் போதும். மருந்தை வாங்கிவரும் வேலையும் பனிக்கட்டிச் செலவும் பத்தாகப் பிரியும். சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசினால் முடியும் காரியம் இது.

எல்லாக் கோழியும் ஒரே வாரத்தில் அடைக்கு வருமா என்று கேட்பீர்கள். இங்கேதான் போலி முட்டை மறுபடியும் கைகொடுக்கிறது. முன்னதாக வந்த கோழியைப் போலி முட்டைகளின் மேல் ஒரு வாரம்வரை காத்திருக்க வைக்கலாம். மற்றவை வந்ததும் எல்லாவற்றுக்கும் ஒரே இரவில் நல்ல முட்டை வைக்கலாம். ஒரே வீட்டில் இரண்டு கோழிகள் ஒன்றாகப் பொரித்தால், இரவில் எல்லாக் குஞ்சுகளையும் ஒரு தாயிடம் சேர்த்துவிடலாம். சிறிய குஞ்சாக இருக்கும்போதே, இருட்டில் சேர்த்தால் தாய் ஏற்றுக்கொள்ளும். குஞ்சில்லாத இன்னொரு கோழி விரைவில் மறுபடியும் முட்டைக்கு வந்துவிடும்.

கூட்டில் வைக்க முட்டையில்லாத நேரத்தில் ஒரு கோழி அடைக்கு வந்துவிட்டால், அதை முக்கவோ மூக்கைக் குத்தவோ வேண்டாம். காற்றும் வெளிச்சமும் உள்ள கம்பி வலைத் தரைக் கூண்டில், வைக்கோல் இல்லாமல், தீவனமும் தண்ணீரும் கொடுத்து நாலைந்து நாள் வையுங்கள். அடியில் காற்றுப் பட்டு வயிற்றுச் சூடு தணிந்தால் அடை தானே தெளியும்.

இயந்திரம் வேண்டாமா?

மாதம் நூற்றுக்கணக்கில் குஞ்சு வேண்டும் என்பவர்களுக்கு இன்குபேட்டர் தேவைதான். ஆனால் இயந்திரத்தில் 37.5 டிகிரி செல்சியஸ் சூட்டை 21 நாளும் பிசகாமல் காக்க வேண்டும். ஈரப்பதம் பார்க்க வேண்டும். முட்டையைத் திருப்ப வேண்டும். மின்சாரம் நின்றால் அதற்கும் வழி வேண்டும். பொரித்தபின் குஞ்சுக்கு விளக்குச் சூடு தனிச் செலவு. பத்துக் கோழிக்குள் வளர்க்கும் வீட்டில் இவை அத்தனையையும் ஒரு அடைக் கோழி இரண்டு கைப்பிடித் தானியத்தில் செய்துமுடிக்கிறது. எதைத் தின்னலாம், பருந்தைக் கண்டால் எங்கே ஓட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிறது. எந்த இயந்திரமும் இதைச் செய்யாது.

எனவே இந்த வாரம் உங்கள் கொல்லையில் எந்தக் கோழி கூட்டைவிட்டு எழ மறுக்கிறது என்று பாருங்கள். காலில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். எத்தனை முட்டை வைத்தீர்கள், எத்தனை பொரித்தது, எட்டு வாரத்தில் எத்தனை நின்றது என்ற மூன்று எண்களை நாட்காட்டியில் குறித்து வாருங்கள். ஓராண்டில் உங்கள் சிறந்த தாய்க்கோழி எது என்று அந்த எண்களே சொல்லும். அடுத்த தலைமுறைப் பெட்டைகளை அதன் குஞ்சுகளிலிருந்து தெரிவு செய்யுங்கள். வியாபாரி வந்தால் வேறு எதையாவது கொடுத்தனுப்புங்கள். சிவப்பு நூல் கட்டிய கோழி கொல்லையிலேயே இருக்கட்டும்.